ஒரு கையில் மறையும் நாடி
தகயாசு தமனி அழற்சியும் அதன் எதிர்பாராத தோற்றங்களும்

மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தல் நம் நாட்டு மருத்துவத்தின் மிகப் பழைய பரிசோதனைகளுள் ஒன்றாகும். ஆணுக்கு வலக் கையிலும் பெண்ணுக்கு இடக் கையிலும் நாடி பார்த்தல் வேண்டும் என்பது சித்த மருத்துவ மரபு. மேனாட்டு மருத்துவம் பயின்றோர் இம்மரபைக் கைக்கொள்வதில்லை. எனினும் அவர்களும் பெரும்பாலும் ஒரு கையிலேயே நாடி பார்க்கின்றனர். இரத்த அழுத்தத்தையும் ஒரு கையிலேயே அளக்கின்றனர். எந்தக் கை மேசைக்கு அண்மையில் உள்ளதோ அந்தக் கையிலேயே அழுத்தமானியின் பட்டை சுற்றப்படுகிறது. பெரும்பாலோர் திறத்தில் இதனால் தீங்கு யாதும் இல்லை. ஒரே இதயம் தள்ளும் இரத்தமே இரு கைகளிலும் ஓடுவதால், ஒரு கையில் காணும் அளவு மற்றக் கைக்கும் ஏறத்தாழப் பொருந்தும்.

ஆனால் இக்கணக்கு பொய்த்துப்போகும் ஒரு நோய் உண்டு. அதில் ஒரு கையின் நாடி வலிவாகத் துடிக்க, மற்றக் கையின் நாடி மெலிந்தோ முற்றிலும் மறைந்தோ போகும். ஒரு கையில் இரத்த அழுத்தம் அச்சமூட்டும் அளவுக்கு உயர்ந்திருக்க, மற்றக் கை இயல்பான அளவையோ தாழ்ந்த அளவையோ காட்டும். அந்நோய் தகயாசு தமனி அழற்சி எனப்படும். பத்து இலட்சம் மக்களுள் ஆண்டொன்றுக்குப் புதிதாக ஓரிருவரையே பற்றும் அளவுக்கு அரியது என்பது சில மேனாட்டு, ஜப்பானியக் கணக்குகளின் முடிவு. அரிய நோயைப் பற்றிக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிய வேண்டுவது ஏன் என்னும் வினா எழலாம். இந்நோய் பற்றுவது பெரும்பாலும் 15 முதல் 30 வயதுக்கு உட்பட்ட இளம் பெண்களை. காலத்தில் கண்டறிந்தால் அடக்கிவைக்கக் கூடியது. காணத் தவறினால் பக்கவாதம், இதயத் தளர்ச்சி, சிறுநீரகச் சிதைவு, பார்வை இழப்பு ஆகியவற்றில் கொண்டுபோய் விடக்கூடியது. அதைப் பற்றிய முதல் ஐயத்தை எழுப்புவதற்கு வேண்டுவதோ விரல் நுனியும் ஓர் அழுத்தமானியுமே.

கண்ணில் தொடங்கிய கதை

1908-ஆம் ஆண்டில் ஜப்பானின் கனஸாவா நகரைச் சேர்ந்த கண் மருத்துவப் பேராசிரியர் மிகிட்டோ தகயாசு, இருபது வயதைச் சற்றே கடந்த ஒரு பெண்ணின் விழித்திரையில் தாம் கண்ட விந்தையான மாற்றத்தைக் கண் மருத்துவர்களின் கூட்டமொன்றில் விவரித்தார். பார்வை நரம்பு விழிக்குள் புகும் வட்டத்தைச் சுற்றி மெல்லிய இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து மாலைபோல் வளைந்து கிடந்தன. ஓனிஷி, ககொஷிமா என்னும் வேறு இரு மருத்துவர்கள், தாம் கண்ட இத்தகைய நோயாளிகளிடம் மணிக்கட்டு நாடியும் தென்படவில்லை என்று கூறினர். நோய் தகயாசுவின் பெயரைப் பெற்றது. நாடியைத் தொட்டுப் பார்த்தவர்களோ மற்ற இருவர். கண்ணில் தெரிந்தது விளைவே என்பதும், மூலக் குறை கழுத்துத் தமனிகளில் இருந்தது என்பதும் பின்னரே தெளிவாயின. கழுத்து வழியாக மேலேறும் இரத்தம் குறையவே, பட்டினி கிடந்த விழித்திரை தனக்கெனப் புதிய சிறு வழிகளை அமைத்துக்கொண்டது, அவ்வளவே.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1856-இல், இலண்டன் மருத்துவர் வில்லியம் ஸேவரி, இரு கைகளின் தமனிகளும் இடக் கழுத்தின் தமனியும் முற்றிலும் அடைபட்டிருந்த ஓர் இளம் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். 1951-இல் ஷிமிஸு, ஸானோ என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் இதனை 'நாடியற்ற நோய்' என்ற பெயரால் ஆங்கில மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினர். அப்பெயர் எளிதில் நினைவில் நிற்பது. அதனாலேயே தீங்கும் விளைந்தது. நாடி இல்லாவிடில்தான் இந்நோய் என்று எண்ணும் பழக்கம் ஏற்பட்டது. நாடி நன்றாகவே துடிக்கும் நோயாளிகளும் உளர்.

குழாய் சுருங்கும் விதம்

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி முதலில் மேல்நோக்கி எழுந்து, கைத்தடியின் பிடிபோல் வளைந்து, பின்னர் முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்குகிறது. அந்த வளைவிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. முதற் கிளை வலக் கைக்கும் வலக் கழுத்துக்கும் இரத்தம் தருவது. இரண்டாவது இடக் கழுத்துக்கு உரியது. மூன்றாவது இடக் காறை எலும்பின் அடியாகச் சென்று இடக் கையை அடைவது. கீழிறங்கும் பகுதியிலிருந்து குடல், சிறுநீரகங்கள், கால்கள் ஆகியவற்றிற்குக் கிளைகள் செல்கின்றன. தகயாசு நோய் தாக்குவது இப்பெருங்குழாயையும் அதன் முதன்மையான கிளைகளையுமே. அவற்றுள் இடக் காறை எலும்பின் அடியே செல்லும் தமனி மிக அடிக்கடி தாக்கப்படுவது. பெண்ணுக்கு இடக் கையில் நாடி பார்க்கும் நம் பழைய மருத்துவர்கள் இந்நோயாளிகளுள் சிலரையேனும் எதிர்ப்பட்டிருப்பர் என்று ஊகிப்பதில் தவறில்லை.

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உட்புறம் வழுவழுப்பான மெல்லிய படலம். நடுவில் தசையும் மீள்சக்தியுடைய இழைகளும் கொண்ட தடித்த அடுக்கு. வெளியே நாரிழைகளாலான உறை. பெருந்தமனியின் சுவர் மிகத் தடித்தது. ஆதலின் அதன் உள்ளே ஓடும் இரத்தமே அதன் சுவர் முழுவதற்கும் ஊட்டம் தருதல் இயலாது; சுவரின் புறப் பகுதிக்கென மிக நுண்ணிய தனிக் குழாய்கள் உண்டு. அழற்சி இந்நுண் குழாய்களின் வழியே, அதாவது வெளியிலிருந்து உள்நோக்கிப் பரவுகிறது. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே சுவரில் கூடி அதனைத் தாக்குகின்றன. புண் ஆறும்போது தழும்பு தடிப்பதைப்போல் சுவரும் தடித்து, உள்வழி குறுகுகிறது. மீள்சக்தி இழைகள் பெரிதும் அழிந்துபோன இடங்களில் மட்டும் இதற்கு மாறாகச் சுவர் தளர்ந்து பலூன்போல் புடைக்கும்.

குழாய் சிறிது குறுகினால் ஓட்டம் சிறிதே குறையும் என எண்ணுதல் இயல்பு. நுண் குழாய்களில் திரவம் ஓடும் விதத்தைப் 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாஸூய் கண்ட விதி அவ்வாறு கூறவில்லை. ஏனைய யாவும் மாறாதிருக்க, ஓட்டம் ஆரத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். பெருந்தமனிகளில் ஓட்டம் இவ்விதிக்கு முற்றிலும் கட்டுப்படுவதன்று. எனினும் குறுகல் ஓரளவைக் கடந்தபின் இரத்த ஓட்டம் ஏன் திடீரெனச் சரிகிறது என்பதை இவ்விதி விளக்கும். வகுப்பறையில் ஒரு வாளி நீரையும் இரு வேறு பருமனுள்ள ரப்பர்க் குழாய்களையும் கொண்டு ஆசிரியர் இதனை மாணவர்க்குக் காட்டலாம்.

குறுகல் மெல்ல வளர்வதால் உடல் மாற்றுவழி தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அடைபட்ட இடத்தைச் சுற்றியுள்ள சிறு கிளைகள் பருத்து, சாலை அடைபட்டபோது வண்டிகள் சந்துகளின் வழியே செல்வதுபோல், இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன. ஆகையால் நாடி மறைந்த கையும் வெதுவெதுப்பாகவும் நல்ல நிறத்துடனும் இருத்தல் கூடும். நோயாளி தமக்கு நாடி இல்லை என்பதையே அறியாமல் பல ஆண்டுகள் வாழ்தலும் உண்டு.

நம் நாட்டில் இந்நோயின் முகம்

ஜப்பானிய நூல்களைப் படித்த ஒருவர், தலைசுற்றல், மயக்கம், மங்கிய பார்வை, நாடியற்ற கை ஆகியவற்றையே இந்நோயின் இலக்கணமாகக் கொள்வார். அங்கு நோய் பெருந்தமனியின் வளைவையும் மேற்கிளைகளையும் மிகுதியாகத் தாக்குவதே இதற்குக் காரணம். நம் நாட்டில் காட்சி வேறு. பம்பாய் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில், 1968 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தவராகிய அறுவை நிபுணர் பி. கே. ஸென் அவர்களும், நோய்க்கூறியல் அறிஞர் கினரே அவர்களும் 1960-களில் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தனர். 101 நோயாளிகளைப் பற்றிய அவர்களது நூல் 1973-இல் வெளிவந்தது. வயிற்றுப் பகுதியிலுள்ள பெருந்தமனியும் அதிலிருந்து பிரியும் சிறுநீரகத் தமனிகளும் இங்கே பெருமளவில் குறுகியிருப்பதை இத்தகைய ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் 88 நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்துக் கண்டவை 1989-இல் வெளியாயின. 102 இந்திய நோயாளிகளையும் 80 ஜப்பானிய நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 1997-இல் வெளிவந்தது. ஜப்பானியரிடம் தலைசுற்றலும் நாடி மறைதலும் முன்னிற்க, இந்தியரிடம் உயர் இரத்த அழுத்தமும் தலைவலியும் முன்னின்றன. ஆண் நோயாளிகளின் பங்கும் இந்தியாவில் கூடுதலாகவே காணப்பட்டது.

சிறுநீரகத் தமனி குறுகினால் உடல் முழுவதிலும் இரத்த அழுத்தம் உயர்வது ஏன்? அமெரிக்க அறிஞர் ஹாரி கோல்டுபிளாட் 1934-இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தரும். அவர் நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு கவ்வியால் ஓரளவு இறுக்கினார். நாய்களின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரகம் தனக்கு வரும் இரத்தத்தின் அழுத்தத்தை இடைவிடாது கவனிக்கும் உறுப்பு. தன் வாயிலில் அழுத்தம் குறைந்தால், உடல் முழுவதிலுமே குறைந்துவிட்டதாக அது கொள்கிறது. உடனே ரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அதன் விளைவாகக் குழாய்கள் இறுகுகின்றன, உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. தகயாசு நோயில் கோல்டுபிளாட்டின் கவ்வி செய்த வேலையை அழற்சியின் தழும்பு செய்கிறது.

ஆகவே, நம் நாட்டில் இந்நோய் பெரும்பான்மையும் இளம் வயதில் தோன்றும் உயர் இரத்த அழுத்தமாகவே முதலில் வெளிப்படுகிறது. பழைய பாடநூற் கருத்தின்படி வழக்கத்திற்கு மாறானது எனக் கருதப்பட்ட இத்தோற்றமே இங்கு வழக்கமானது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த பி. கே. சர்மா முதலியோர் 1990-களின் நடுவில், ஜப்பானிய அறிஞர் இஷிகாவா வகுத்த நோயறி விதிகளைத் திருத்தியமைக்க நேர்ந்தமைக்கும் இத்தகைய வேறுபாடுகளே காரணம். 40 வயதுக்கு உட்பட்டோருக்கே இந்நோய் என்னும் கட்டாயத்தை அவர்கள் நீக்கினர்.

அழுத்தத்தை மறைக்கும் கை

இதுகாறும் கூறிய இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே உடலில் சேரும்போதுதான் பேரிடர் விளைகிறது. சிறுநீரகத் தமனியின் குறுகலால் பெருந்தமனியில் அழுத்தம் உயர்ந்திருக்கிறது. அதே வேளையில் இடக் கைக்குச் செல்லும் தமனியும் குறுகியிருக்கிறது. இடக் கையில் அளப்பவர் குறுகலுக்கு அப்பால் உள்ள தாழ்ந்த அழுத்தத்தையே காண்பார். மேட்டுத் தொட்டியில் நீர் நிரம்பி வழிந்தாலும், இடையில் அடைப்பு இருக்குமானால் வீட்டுக் குழாயில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அதைக் கொண்டு தொட்டி வறண்டது என்று முடிவு செய்வதை ஒக்கும் இது.

செகந்திராபாத் நகரில் நிகழக்கூடிய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். இது தனியொருவரின் வரலாறு அன்று. இந்நோயாளிகளிடம் காணப்படும் இயல்புகளைச் சேர்த்து விளக்கத்திற்காக அமைத்ததே. ரயில்வேக் குடியிருப்பில் வாழும் 22 வயதுப் பெண் ஒருவர் நான்கு மாதக் கருவுற்றிருக்கிறார். சில மாதங்களாகத் தலைவலி. கொடியில் துணி உலர்த்தும்போது இடக் கை விரைவில் ஓய்ந்துபோகிறது. கையைத் தாழ்த்திச் சற்று நின்றால் தெளிகிறது. அண்மையிலுள்ள பஸ்தி தவாகானாவில் இடக் கையில் அளந்தபோது இரத்த அழுத்தம் 104/70. குறை ஒன்றும் இல்லை, களைப்பே என்று கூறி இரும்புச் சத்து மாத்திரை தரப்படுகிறது. அடுத்த மாதம் வேறொரு செவிலியர், நாற்காலி மாறிக் கிடந்த காரணத்தால், வலக் கையில் அளக்கிறார்; 186/112. செவிலியர் தம் கருவியின்மீது ஐயமுற்று மீண்டும் இடக் கையில் அளக்கிறார், 102/70. கருவி பழுது என்று இரண்டாம் எண்ணைத் தள்ளியிருந்தால் ஓரளவு நன்மையேனும் உண்டு. முதல் எண்ணைத் தள்ளியிருந்தால்? அப்பெண் அந்த அழுத்தத்துடனேயே மகப்பேற்றை எதிர்நோக்கியிருப்பார். மூளையில் இரத்தக் கசிவும் வலிப்பும் இதயத் தளர்ச்சியும் நேர்ந்திருத்தல் கூடும். இரண்டு எண்களுமே உண்மை என்று எண்ணிய செவிலியரே அவரைக் காப்பவர்.

கருவுற்றோரைப் பற்றி மேலும் ஒன்று கூறுதல் வேண்டும். கருப்பத்தினால் விளையும் உயர் இரத்த அழுத்தம் வழக்கமாக 20 வாரங்களுக்குப் பின்னரே தோன்றும். அதற்கு முன்னரே இளம் பெண் ஒருவரிடம் உயர்ந்த அழுத்தம் காணப்படின், அது கருப்பத்திற்கு முன்பிருந்தே உள்ளதாகக் கொண்டு காரணம் தேடுதல் வேண்டும்.

வேறு வேடங்கள்

நாடி மறைவதற்குப் பல மாதங்கள், சிலரிடம் பல ஆண்டுகள் முன்னரே நோய் தொடங்கிவிடுகிறது. அப்போது காணப்படுபவை மாலை வேளைச் சிறு காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை, மூட்டு வலி, இரவில் வியர்த்தல் ஆகியவையே. நம் நாட்டில் இவற்றைக் கண்ட எவரும் முதலில் காசநோயையே எண்ணுவர், எண்ணுவதும் முறையே. இந்நோய்க்கும் காசநோய்க்கும் தொடர்பு உண்டோ என்னும் ஆராய்ச்சி பம்பாய் அறிஞர்களின் காலத்திலிருந்தே நடந்துவருகிறது. நோயாளிகள் பலரிடம் காசத் தோற் சோதனை வலிவாகப் பலித்தமை இதற்குத் தூண்டுகோல். ஆயினும் காசநோய் மருந்துகளால் தமனியின் அழற்சி தணிவதில்லை. சளியில் கிருமி இல்லை, மார்பின் எக்ஸ்ரேப் படத்தில் குறை இல்லை, மருந்து உண்டும் காய்ச்சல் நீங்கவில்லை என்னும் நிலையில் உள்ள இளம் பெண்ணின் இரு கை நாடிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது காசநோய்ப் பணியாளருக்கு ஒரு நிமிட வேலைதான்.

சிலரிடம் கழுத்தின் பக்கத்தில், தொட்டால் நோகும் வலி முதற்குறியாக அமையும். தொண்டைப் புண் என்றும் தைராய்டு வீக்கம் என்றும் கருதி மருந்து தரப்படும். அழற்சியுற்ற கழுத்துத் தமனியே அங்கு நோவது. சிலரிடம் கால்களில் சிவந்த, நோவுடைய முடிச்சுகள் தோன்றும். குழந்தைகளிடம் மூச்சிரைப்பும் இதயத் தளர்ச்சியுமே முதலில் தென்படுவதுண்டு. இதயத் தசையின் நோய் என்று மட்டும் எண்ணிச் சிகிச்சை செய்யப்பெறும் குழந்தையின் தொடை நாடியைத் தொட்டுப் பார்த்தபின் உண்மை வெளிப்பட்ட நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. இளம் வயதில் பக்கவாதமாகவே நோய் தலைகாட்டுவதும் உண்டு.

பள்ளியாசிரியர் கவனிக்கத் தக்கவை இவற்றினும் எளியவை. தேர்வில் நெடுநேரம் எழுதும்போது கை ஓய்ந்து, நிறுத்தினால் தெளியும் மாணவி; கரும்பலகையின் மேற்பகுதியில் எழுதக் கையை உயர்த்தியதும் சோர்வுறுபவள்; விளையாட்டு வேளையில் சிறிது ஓடியதும் கெண்டைக்கால் வலியால் நின்று, ஓய்ந்தபின் மீண்டும் ஓடுபவள்; எழுந்து நிற்கும்போது கண் இருட்டுபவள். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் இரத்தச் சோகையாகவோ காலை உணவு உண்ணாமையாகவோ இருக்கும். ஆயினும் 'உழைத்தால் வலி, ஓய்ந்தால் நிவாரணம்' என்னும் ஒழுங்கு, அதிலும் ஒரு கையிலோ ஒரு காலிலோ மட்டும் காணப்படுமாயின், சோம்பல் என்று கடிந்துகொள்வதற்குரியது அன்று.

இரு கைகளிலும் அளத்தல்

நோயாளியை ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறச் செய்தல் வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பெற்றிருத்தல் வேண்டும். பின்னர் இரு மணிக்கட்டுகளின் நாடியையும் ஒரே சமயத்தில், ஒவ்வொரு கையாலும் ஒன்றாகப் பற்றிப் பார்க்க வேண்டும். தனித்தனியே பார்க்கும்போது தெரியாத வேறுபாடு சேர்த்துப் பார்க்கும்போது தெரியும். அதன்பின் இரு கைகளிலும் அழுத்தத்தை அளந்து, வேறுபாடு இருப்பின் சற்றுப் பொறுத்து மீண்டும் அளத்தல் வேண்டும். மேல் எண்ணில் 10 பாதரச மில்லிமீட்டர்வரை வேறுபாடு நலமுடையோரிடமும் காணலாம். 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவக் கழகம் வகுத்த விதிகள் 10-க்கு மேற்பட்ட வேறுபாட்டை இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகக் கொண்டன. ஐரோப்பியருடன் சேர்ந்து 2022-இல் வகுத்த புதிய விதிகள் அதனை 20 என உயர்த்தின. இளம் வயதினரிடம் மீண்டும் மீண்டும் அளந்தும் 20-க்குக் குறையாத வேறுபாடு நிற்குமாயின் அவரை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். இவ்வேறுபாட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. முதியோரிடம் கொழுப்புப் படிவும், பிறவியிலேயே அமைந்த பெருந்தமனிக் குறுகலும் அவற்றுட் சில. அவற்றைப் பகுத்தறிவது மருத்துவரின் பணி.

இக்காலத்தில் களப்பணியாளரிடம் இருப்பவை பெரும்பாலும் மின்கலத்தால் இயங்கும் கருவிகள். நாடி மிக மெலிந்த கையில் அக்கருவி எண்ணைக் காட்டாமல் பிழைக் குறியையே காட்டும். மின்கலத்தை மாற்றுவதற்கு முன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தல் நலம்.

இரு கைகளின் தமனிகளும் குறுகியிருப்பின் இரு கைகளுமே பொய் கூறும். அப்போது துணை நிற்பவை கால்கள். தொடைக்கு ஏற்ற அகன்ற பட்டையைச் சுற்றி, முழங்காலின் பின்புறம் கேட்டு அளக்கும்போது, நலமுடையோரிடம் கையைவிடக் காலில் மேல் எண் சற்று உயர்ந்தே இருக்கும். அகன்ற பட்டை துணை நிலையங்களில் கிடைப்பது அரிது. எனவே பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி பார்க்கப் பழகிக்கொள்ளலாம். ஸ்டெதாஸ்கோப் உடையோர் கழுத்திலும், காறை எலும்பின் மேலும், தொப்புளுக்குச் சற்று மேலும் வைத்துக் கேட்டால், குறுகிய வழியே இரத்தம் பீறிடும் இரைச்சலைச் சிலரிடம் கேட்கலாம்.

இங்கு நம் சுகாதாரத் திட்டங்களின் அமைப்பிலேயே உள்ள ஓர் இடைவெளியைச் சுட்டுதல் பொருந்தும். தொற்றா நோய்களுக்கான நாட்டுத் திட்டத்தின்கீழ் வீடுதோறும் இரத்த அழுத்தம் பார்ப்பது 30 வயதிலிருந்தே தொடங்குகிறது. 2013-இல் தொடங்கப்பெற்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 18 வயதுடன் முடிகிறது. தகயாசு நோய் பெரிதும் தோன்றும் பருவமோ இவ்விரண்டிற்கும் இடையே விழுகிறது. கருவுற்றோர் பரிசோதனை ஒன்றே அவ்வயதுப் பெண்களைத் தவறாமல் அழுத்தமானியின் முன் கொணர்வது. அதனால்தான் முதல் வருகையிலேனும் இரு கைகளிலும் அளத்தல் மிகுந்த பயனுடையது என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். இதனால் கூடும் செலவு ஒருவருக்கு இரண்டு நிமிடமே.

ஐயம் எழுந்த பின்

செகந்திராபாத்தில் உள்ளோருக்கு அண்மையிலுள்ள பெரிய அரசு நிலையம் காந்தி மருத்துவமனை. ஐதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் வாதநோய்களுக்கெனத் தனித் துறை உண்டு. தமனி அழற்சி நோய்கள் இன்று பெரும்பாலும் அத்துறையினராலேயே கவனிக்கப்படுகின்றன. தமிழகத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இந்நோயில் நெடுநாட் பயிற்சி உடையது. நோய் தணிந்துள்ளதா, கனன்றுகொண்டிருக்கிறதா என்பதை அளக்க 2010-இல் வகுக்கப்பெற்ற இந்திய அளவுகோல், அங்குள்ள அறிஞர்கள் உள்ளிட்ட இந்திய வாதநோய் மருத்துவர்களின் முயற்சியால் உருவாயிற்று. 44 குறிகள் கொண்ட அதில் 33 இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பற்றியன. அவற்றைப் பெரும்பாலும் நோயாளியை நேரிற் பரிசோதித்தே நிரப்பலாம்.

நோயை உறுதி செய்வது படங்களே. டாப்ளர், சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய முறைகளால் பெருந்தமனியின் சுவர் தடித்திருப்பதையும் வழி குறுகியிருப்பதையும் காணலாம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தச் சோதனைகள் அழற்சியைக் காட்டக்கூடும். ஆனால் அவை இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றோ அடங்கிவிட்டது என்றோ கொள்ள இயலாது.

சிகிச்சையின் அடிப்படை பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை. அதன் அளவைக் குறைக்கும்பொருட்டு மெதோட்ரெக்ஸேட், அஸதையோப்ரின், மைகோபினோலேட் போன்றவை சேர்க்கப்படுகின்றன. இவற்றால் அடங்காதோருக்கு டோசிலிசுமாப் போன்ற ஊசி மருந்துகளும் உண்டு. குறுகிய தமனியைப் பலூன் கொண்டு விரித்தலும், மாற்றுக் குழாய் பொருத்தும் அறுவையும் இயன்றவரை அழற்சி தணிந்த பின்னரே செய்யப்படுகின்றன; கனலும் சுவரை விரித்தால் அது மீண்டும் மூடிக்கொள்ளும்.

களப்பணியாளர் அறிய வேண்டிய எச்சரிக்கைகள் மூன்று உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையை நோயாளி தாமாகத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். முகம் உப்புகிறது என்று கண்ணாடியைப் பார்த்து நிறுத்திவிடும் இளம் பெண்கள் பலர். இரத்த அழுத்தத்திற்குப் பொதுவாகத் தரப்படும் எனலாப்ரில் போன்ற மருந்துகள், இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியவரிடம் சிறுநீரகத்தின் வேலையை நிறுத்திவிடக்கூடும். ஆதலின் துணை நிலையத்தில் கிடைக்கும் மாத்திரையை மருத்துவரின் குறிப்பின்றி மாற்றித் தருதல் ஆகாது. மெதோட்ரெக்ஸேட், மைகோபினோலேட் ஆகியவை கருவுக்குக் கேடு செய்வன. இந்நோயுடையோர் தாய்மை அடைதல் கூடாது என்பதில்லை. நோய் தணிந்து, அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் காலத்தைத் தெரிந்து, மருந்துகளை முன்னரே மாற்றியமைத்துக்கொண்டு கருவுறலாம். ஆகையால் மணமான பெண்ணிடம் இது பற்றிப் பேசுதல் வீட்டுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளரின் கடமைகளுள் ஒன்றாகிறது.

நோய் உறுதியானவரின் அட்டையில், அழுத்தத்தை எந்தக் கையில் அல்லது காலில் அளக்க வேண்டும் என்பதை மருத்துவர் எழுதித் தருதல் முறை. அவ்வாறு எழுதப்படாவிடில் கேட்டு எழுதிவாங்குதல் வேண்டும். வழக்கிலுள்ள அட்டைகளில் இதற்கெனத் தனி இடம் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணின் பக்கத்தில் 'வ' என்றோ 'இ' என்றோ ஓர் எழுத்தைக் குறித்துவைத்தால், அடுத்து அளப்பவர் அதே கையைத் தேடிப் பட்டையைச் சுற்றுவார்.